மன்றத்துப் பலாவிலிருந்து மலையடிவாரக் குடியிருப்பு வரை: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குரங்கும் மனிதரும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலையடிவார ஊர்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் நாட்டுக்குரங்குகளால் நேரும் தொல்லை அன்றாடச் சிக்கலாக உள்ளது. ‘காட்டு விலங்கு ஊருக்குள் புகுந்துவிட்டது’ என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். நாட்டுக்குரங்கு நெடுங்காலமாக ஊரின் பொதுவிடத்தைப் பகிர்ந்து வாழ்ந்த விலங்கு என்பதையும், அப்பொதுவிடமும் அதனைச் சார்ந்த காவல் முறையும் அழிந்ததே இன்றைய மோதலின் வேர் என்பதையும் இலக்கியச் சான்றுகள், நிலப்பயன்பாட்டு மாற்றங்கள், சட்ட வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டுக்குரங்கு, மந்தி, மன்றம், கொல்லிமலை, சேர்வராயன் மலை, காவல், இடமாற்றம்.

முன்னுரை

சேலம் மாநகரைச் சேர்வராயன் மலை, நகரமலை, சருகுமலை, கஞ்சமலை முதலியன சூழ்ந்துள்ளன. 1997ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்கும் நாமக்கல்லின் கிழக்கெல்லையில் கொல்லிமலை நிற்கிறது. நாமக்கல் நகரின் நடுவே கோட்டைப்பாறையும், மேற்கே திருச்செங்கோட்டு மலையும் உள்ளன. சமவெளியிலிருந்து திடீரென எழும் இக்குன்றுகளே இவ்வட்டாரத்தின் நில அமைப்பிற்குத் தனித்தன்மை தருவன. காடும் கழனியும் கோயிலும் குடியிருப்பும் சில கல் தொலைவிற்குள் அடுத்தடுத்து அமைந்த இந்நிலம் நாட்டுக்குரங்கிற்கு இயல்பாகவே ஏற்றது.

தலைமயிர் குல்லாய்போல் வட்டமாகப் பரந்திருப்பதால் குல்லாய்க் குரங்கு எனவும் சுட்டப்படும் இவ்விலங்கு, தென்னிந்தியாவிற்கு மட்டுமே உரியது. உலகின் வேறெப்பகுதியிலும் இது இயற்கையாக வாழ்வதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் இதனை அழிவாய்ப்பு உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஒருபுறம் ‘பெருகிவிட்டது’ என்னும் முறையீடும், மறுபுறம் ‘அருகி வருகிறது’ என்னும் அறிவியல் மதிப்பீடும் ஒரே விலங்கைப் பற்றி எழுகின்றன. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

இலக்கியச் சான்றுகளில் மந்தியும் மன்றமும்

தொல்காப்பிய மரபியல், குரங்கு, முசு, ஊகம் என்னும் மூன்றினையும் வேறுபடுத்திக் காட்டி, அவற்றின் பெண்ணினத்திற்கு மந்தி என்னும் பெயரைப் பொதுவாக வழங்குகிறது. அவற்றின் இளமைப் பெயர்களுள் மனிதக் குழந்தையைக் குறிக்கும் மகவு, பிள்ளை என்னும் சொற்களும் இடம்பெறுகின்றன. விலங்குகளை வகைப்படுத்திய இம்மரபு, குரங்கினத்தை மிக அருகிருந்து நோக்கியோர் வகுத்தது என்பது இதனால் புலனாகிறது.

ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் ‘குரக்குப் பத்து’ என ஒரு பத்தினையே பாடியுள்ளார். குறுந்தொகையின் 69ஆம் பாடல், கடுவன் இறந்தபின் தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு உயிர்விடும் மந்தியைக் காட்டுகிறது. குட்டியைப் பேணும் கடமை சுற்றத்திற்கும் உரியது என்னும் இச்செய்தி கருதத்தக்கது. நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, வளர்ந்த ஆண்களே வேற்றுக் கூட்டங்களுக்குப் பெயர்கின்றன என்பதும், தாய்வழி உறவே கூட்டத்தின் முதுகெலும்பு என்பதும் இன்றைய ஆய்வுகள் கண்ட உண்மைகள்.

வாழிட வரலாற்றிற்கு மிக இன்றியமையாத சான்று புறநானூற்றின் 128ஆம் பாடல். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடிய அப்பாடலில், பரிசில் நாடி வந்தோர் பலாமரக் கிளையில் தொங்கவிட்ட முழவைப் பழமெனக் கருதி மந்தி தட்டுகிறது. அம்மரம் நின்ற இடம் அடர்காடன்று; ஊரார் கூடும் மன்றம். பாடல் பொதியில் மலைநாட்டிற்கு உரியதாயினும், ஊர்ப் பொதுவிடத்தில் குரங்கு உலவியது அன்று வியப்பிற்கோ அச்சத்திற்கோ உரியதாக இருக்கவில்லை என்பதை அது காட்டுகிறது. ஓரியின் கொல்லிமலையும் பலாவளம் மிக்கதாகவே சங்கப் பாக்களில் குறிக்கப்படுகிறது.

எனினும் அக்காலத்தை மோதலற்ற பொற்காலம் எனக் கொள்வது பிழையாகும். குறிஞ்சித்திணையின் உரிய தொழில்களுள் தினைப்புனம் காத்தலும் ஒன்று. பரண் அமைத்தும், தழல், தட்டை, குளிர் முதலிய ஒலிக்கருவிகளை முழக்கியும், கவண் எறிந்தும் விளைச்சலைக் காத்தனர். மன்றத்தில் இடம், புனத்தில் காவல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே பழைய ஒழுங்கு. விலங்கை முற்றாக ஒழிப்பதும் தடையின்றி விடுவதும் அதன் நோக்கங்கள் அல்ல.

சாலை மரங்களும் கோயில் வளாகங்களும்

மன்றம் வகித்த இடத்தைப் பிற்காலத்தில் கோயில் நந்தவனங்களும், குளக்கரைகளும், சாலையோர ஆல, அரச, அத்தி மரங்களும் ஏற்றன. குரங்கு வழிபட்டதாகக் கூறும் தலவரலாறுகள் குரங்கணில்முட்டம், குரங்காடுதுறை என ஊர்ப்பெயர்களாகவே நிலைத்தன. இவ்வட்டாரத்திலும் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டினத்தின் கோதண்டராமர் கோயில், நாமக்கல்லில் திறந்த வெளியில் நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர் திருவுருவம் ஆகியன வானர வழிபாட்டை மக்கள் மனத்தில் ஆழப் பதித்துள்ளன.

ஆலும் அத்தியும் ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் பழுப்பவை. ஒரு மரம் ஓய்ந்தபோது வேறொன்று பழம் தந்தது. உயர்ந்த கிளைகள் இரவில் உறங்கும் இடமாயின. ஆகவே சாலையோரக் குரங்குக் கூட்டம் வீடுகளை நாடாமலேயே வாழ இயன்றது. சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டபோது பழைய நிழல்மரங்கள் பெரிதும் மறைந்தன. தென்னிந்தியச் சாலைகள் பலவற்றிலும் நிகழ்ந்தது இதுவே. மைசூருப் பகுதியில் 1989 தொடங்கிக் கால் நூற்றாண்டுக் காலம் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்புகள், அங்கு நாட்டுக்குரங்குகளின் எண்ணிக்கை 65 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததைக் காட்டின. பரவலாக வாழ்ந்த விலங்கு பல இடங்களில் மறைந்து, உணவு கிடைக்கும் சில இடங்களில் மட்டும் திரளும்போது, அங்குள்ளோர் கண்ணுக்கு அது பெருக்கமாகவே தோன்றும். முன்னுரையில் சுட்டிய முரணுக்கு இது விடையாகிறது.

குடியேற்ற ஆட்சியும் மலை நிலமும்

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தொடர்ந்து மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து, காடு, ஊர் என்னும் இரு வகைகளாக நிலத்தைக் கோடிட்டுப் பிரித்தது. அக்கோட்டின் ஒருபுறம் இருக்கவேண்டியது விலங்கு, மறுபுறம் இருக்கவேண்டியது மனிதர் என்னும் இன்றைய எண்ணம், மன்ற மரபினின்று தோன்றியதன்று. இந்நிர்வாகப் பிரிவினையின் வழிவந்தது.

விடுதலைக்குப் பின் சேர்வராயன், கொல்லி மலைகளில் பாக்சைட்டுச் சுரங்கங்கள் தோன்றின. கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்கள் விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது. தானியப் புலத்தைக் குடும்பமே பரணில் இருந்து காத்த வழக்கம் இதனால் தளர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியோர் கூலி வேலைக்கும் சென்றபின் பகற்காவலுக்கு ஆளில்லை. வாழையும் பலாவும் அன்னாசியும் மட்டும் தொடர்ந்து விளைகின்றன.

உணவிடுதலும் புறநகர் விரிவும்

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகளும் உள்ளன. ஊர்திகள் வேகம் குறையும் இவ்வளைவுகளே குரங்குகள் காத்திருக்கும் இடங்கள். பயணியர் வீசும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் நெகிழிப்பையில் எஞ்சிய சோறும் எளிதில் கிடைக்கும் செறிந்த உணவு. இதனைக் கற்ற குட்டி, மனிதர் கையிலுள்ள பையை உணவாகவே அறிகிறது. கை நீட்டிக் கொடுத்தவர் மலையிறங்கிச் சென்றுவிடுகிறார். பை பறிக்கப்படுவது மறுநாள் அவ்வழியே நடந்துவரும் பள்ளிச் சிறுமியிடம்.

இதே காலத்தில் சேலம் நகரம் கன்னங்குறிச்சி, கோரிமேடு எனச் சேர்வராயன் அடிவாரம் நோக்கி விரிந்தது. மாடியில் திறந்து கிடக்கும் தண்ணீர்த்தொட்டியும், காயவைத்த வடகமும், தெருமுனைக் குப்பைத்தொட்டியும் குரங்கிற்குப் புதிய புனங்களாயின. இழப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. கம்பிவலை அடித்த மாடிவீட்டார்க்கு அது எரிச்சல். ஓட்டுவீட்டார்க்கோ ஓடு பிரிந்து மழை ஒழுகும் துன்பம். கடித்துவிட்டால் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசிக்காக நாள்கூலியை இழந்து மருத்துவமனைக்குப் பலமுறை நடக்கவும் வேண்டும்.

சட்டமும் இடமாற்றமும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் நாட்டுக்குரங்கு இடம்பெற்றதால், அதனைப் பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி இன்றியமையாததாயிற்று. 1998இல் வெளியான மைய அரசின் அறிவிக்கை, குரங்குகளைப் பழக்கி வித்தை காட்டுவதைத் தடை செய்தது. தெருவில் குரங்காட்டி மறைந்தார். விலங்கின் நலன் கருதிய இந்நடவடிக்கைகள் தேவையானவையே. ஆயினும் முன்பு ஊரார் தாமே கையாண்ட ஒரு பொறுப்பு, இதனால் மனு எழுதிக் காத்திருக்கும் பொறுப்பாக மாறியது. ஊராட்சியோ மாநகராட்சியோ வனத்துறையோ எது முதலில் செயல்படவேண்டும் என்னும் வினா இடையில் நிற்கிறது.

மனு ஏற்கப்படும்போது பொதுவாக மேற்கொள்ளப்படுவது கூண்டு வைத்துப் பிடித்துக் காப்புக்காட்டில் விடுவதாகும். இம்முறையின் குறைகள் மூன்று. முதலாவதாக, தாய்வழிக் கூட்டம் சிதைகிறது. பிடிபடாது எஞ்சியவை மேலும் முரட்டுத்தனம் கொள்கின்றன. இரண்டாவதாக, உணவு இருக்கும்வரை காலியான இடத்தை வேறொரு கூட்டம் நிரப்புகிறது. மூன்றாவது குறை நீதி சார்ந்தது. குரங்குகள் விடப்படும் மலைக்காடுகளின் விளிம்பில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் உள்ளன. மனித உணவிற்குப் பழகிய குரங்கு காட்டுக்கனியைத் தேடாது; அருகிலுள்ள வாழைத் தோட்டத்தையே தேடும். சமவெளி தன் சிக்கலைத் தீர்ப்பதாகக் கருதும் செயல், அதனை மலைக்கு ஏற்றுமதி செய்வதாகவே முடிகிறது.

பிறவிடப் பட்டறிவு

டெல்லியில் உயர்நீதிமன்றம் 2007இல் பிறப்பித்த ஆணையின்படி குரங்குகள் அசோலா பாட்டி சரணாலயத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. நகரில் தொல்லை நின்றபாடில்லை. இமாச்சலப் பிரதேச அரசு 2006–07 முதல் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்தது. 2016இல் சிம்லா நகர எல்லைக்குள் அவற்றைத் தீங்குயிரிகளாக மைய அரசு அறிவித்தும், கொல்ல முன்வந்தோர் அரியர். வழிபாட்டு உணர்வு சட்டத்தினும் வலியது என்பதை இது காட்டுகிறது. அங்குள்ளது பரவலான ரீசஸ் இனம். தென்னாட்டிற்கே உரிய நாட்டுக்குரங்கிற்கு அத்தகைய அறிவிப்பு பொருந்தாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் புறநகரில் பபூன் குரங்குகளால் இதே சிக்கல் உண்டு. அங்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, குடியிருப்பிற்குள் நுழையாது ஒலியெழுப்பித் திருப்புகின்றனர். திறக்கவியலாத குப்பைத்தொட்டிகளும் புழக்கத்தில் உள்ளன. அங்கும் வாக்குவாதம் ஓயவில்லை. எனினும் பகற்காவலே அம்முறையின் உயிர்நாடி. தழலும் தட்டையும் ஏந்திய தினைப்புனக் காவலின் மறுவடிவமாக இதனைக் கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு: அங்குக் காவலின் செலவு பொதுநிதியைச் சார்ந்தது, இங்கு அது இன்றும் தனி உழவரின் தலைமேல் உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன பின்வருமாறு:

1. நாட்டுக்குரங்கு ஊருக்குள் புதிதாகப் புகுந்த விலங்கன்று. மன்றம், கோயில், சாலைமரம் ஆகிய இடைநிலங்களில் வாழ்ந்து, அவை அழிந்தபின் வீட்டு வாயிலுக்குத் தள்ளப்பட்ட விலங்கு.

2. பழைய ஒழுங்கு பொதுவிடத்தில் இசைவும் விளைநிலத்தில் காவலும் இணைந்தது. இன்று இசைவு உணவிடுதலாகத் திரிந்துள்ளது, காவல் மறைந்துள்ளது.

3. இடமாற்றம் சுமையை நீக்குவதில்லை. குரல் வலிமை குறைந்த மலைமக்களிடம் மாற்றுகிறது.

ஆகவே சாலை வளைவுகளில் உணவிடுதலை நிறுத்துதல், அடிவாரப் பகுதிகளில் குப்பையை மூடிய முறையில் அகற்றுதல், விளைச்சல் பருவத்தில் ஊராட்சி நிதியிலிருந்து பகற்காவலர் அமர்த்துதல், காப்புக்காட்டு விளிம்பிலும் ஏரிக்கரைகளிலும் ஆல், அத்தி, நாவல் மரங்களை மீண்டும் வளர்த்தல் ஆகியன கூண்டினும் நிலைத்த பயன் தரும். மரம் பழம் தர ஆண்டுகள் பல ஆகும். காவலரை அமர்த்த ஒரு தீர்மானம் போதும். எனவே காவலிலிருந்து தொடங்குவதே முறை. மன்றத்துப் பலாவை மந்திக்கு விட்ட அதே சமூகமே தினைப்புனத்தில் பரணும் கட்டியது. இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்வதில்தான் இவ்வட்டாரச் சிக்கலின் தீர்வு அமைந்துள்ளது.