ஜன்னத்துல் ஆரிஃபின் இலையுதிர் காலம்

கிரனாடா நகரில் அல்ஹம்ரா மாளிகைக்கு அருகே, அதனினும் சற்று உயர்ந்த குன்றுச் சரிவில் அமைந்துள்ளது ஜன்னத்துல் ஆரிஃப். நஸ்ரி வம்ச சுல்தான்கள் அரசவைப் பணிகளிலிருந்து விலகி ஓய்வெடுத்த புறநகர் மாளிகை இது. ஸ்பானியர் நாவில் இப்பெயர் 'ஹெனராலிஃபே' எனத் திரிந்து நிலைத்துவிட்டது. வசந்தத்தில் இதன் மலர்களைப் புகழ்வோர் பலர். ஆயினும் இத்தோட்டம் எதற்காக உருவானது என்பதை உணர்த்துவது, கனிகள் பழுக்கும் இலையுதிர் காலமே.

அந்தலுஸ் முஸ்லிம்கள் இத்தகைய மாளிகையை 'முன்யா' என்றனர். அது வெறும் உல்லாச வனம் அன்று. கனித்தோப்பும் காய்கறி நிலமும் கொண்ட பண்ணை. இம்மரபு மிகப் பழமையானது. உமையா வம்சத்தின் முதலாம் அப்துர் ரஹ்மான் (ஆட்சி 756–788) குர்துபாவுக்கு வெளியே ஒரு மாளிகையை அமைத்து, சிரியாவில் தம் பாட்டனார் கலீஃபா ஹிஷாம் வாழ்ந்த ருஸாஃபாவின் பெயரையே அதற்குச் சூட்டினார். சிரியாவிலிருந்து வந்த மாதுளை வகையொன்றும் அவர் காலத்தில் அந்தலுஸில் வேரூன்றியது. அதை வளர்த்துக் காட்டிய ஸஃப்ர் என்பாரின் பெயரால் அது 'ஸஃபரீ' என வழங்கியதை வரலாற்றாசிரியர் அல்மக்கரீ பதிவு செய்துள்ளார்.

ஜன்னத்துல் ஆரிஃப் இம்மரபின் பிற்கால வாரிசு. இரண்டாம் முஹம்மதின் ஆட்சியில் (1273–1302) உருவாகி, 1319இல் முதலாம் இஸ்மாயிலால் புதுப்பிக்கப்பட்டது. இதன் உயிர்நாடி ஒரு வாய்க்கால். தாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே நீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டி மெல்லிய சாய்வில் கொண்டுவந்தனர். மாளிகை முற்றத்தின் நடுவே ஓடும் அந்நீரே தோப்புகளுக்கும் அல்ஹம்ராவுக்கும் பாய்ந்தது.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. வெற்றி பெற்ற மன்னர்கள் மாதுளையைத் தம் அரசச் சின்னத்தில் பொறித்துக்கொண்டனர். ஸ்பானிய மொழியில் அக்கனியின் பெயரும் 'கிரனாடா'தான். மாதுளை வளர்த்த மக்களுக்கோ அம்மண்ணில் இடமில்லாமற் போயிற்று. மதமாற்றத்திற்கு உள்ளாக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தோர் 1609–1614 ஆண்டுகளில் நாடு கடத்தப்பட்டனர். தோட்டம் தனியார் குடும்பத்தின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்து, 1921இல் அரசுடைமையானது.

இன்று நாம் காண்பதில் எவ்வளவு பழமையானது? முற்றத்து வாய்க்காலின் இருபுறமும் வளைந்து பாயும் நீர்த்தாரைகளை நஸ்ரிகளின் கலை என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை 19ஆம் நூற்றாண்டின் சேர்க்கை. 1958இல் ஏற்பட்ட தீவிபத்துக்குப் பின் நடந்த அகழாய்வு, மண்ணுக்கடியில் புதைந்திருந்த பழைய முற்றத்தை வெளிப்படுத்தியது. நான்காகப் பகுக்கப்பட்ட பாத்திகள் நடைபாதையினும் தாழ்வாக அமைந்திருந்தன. கீழ்த்தளத் தோட்டங்களும் 20ஆம் நூற்றாண்டில் வடிவமைக்கப்பட்டவையே.

ஆனால் மாளிகைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் விளைநிலங்களின் கதை வேறு. மத்திய காலம் முதல் அங்கே பயிர்த்தொழில் தொடர்ந்து வந்திருக்கிறது. கோடை வறட்சி தணிந்து அக்டோபர் மழை தொடங்கும்போது, தாரோ பள்ளத்தாக்கின் மரங்கள் மஞ்சள் நிறம் கொள்கின்றன. மாதுளைகள் வெடித்துச் சிவக்கின்றன. வாய்க்காலை ஸ்பானியர் இன்றும் 'அஸேக்கியா' என்கின்றனர். அது 'அஸ்ஸாகியா' என்ற அரபுச் சொல்லே. நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் 'அல்பெர்க்கா'வும் 'அல்பிர்க்கா'வின் திரிபுதான்.

இழந்த அந்தலுஸை எண்ணி ஏங்கும்போது நாம் மாளிகைகளையே நினைக்கிறோம். சுல்தான்களின் பெயர்களைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஜன்னத்துல் ஆரிஃப் கற்பிப்பது வேறு. அரசர்கள் மறைந்தனர், அலங்காரங்கள் மாறின, மண்ணைப் பண்படுத்தி நீரைப் பகிர்ந்தளித்த, பெயர் தெரியாத உழவர்களின் அறிவோ, அவர்களை விரட்டியவர்களின் மொழியிலும் நிலத்திலும் நிலைத்துவிட்டது. ஒரு நாகரிகத்தின் பங்களிப்பை அளக்க, உதிரும் இலைகளுக்கிடையே கனிந்து நிற்கும் அம்மாதுளையைவிடச் சிறந்த அளவுகோல் உண்டா?