ஓலையிலிருந்து கல்லுக்கு

சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில் இன்று நாம் வாசிக்கும் சாசனங்கள் கல்லிலேயே பிறந்தவை என்று கருதுவோர் பலர். உண்மையில், அரசன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை திருமந்திர ஓலை எழுதுவோனால் ஓலையில் வரையப்பெற்று, திருமந்திர ஓலை நாயகங்களின் ஒப்பம் பெற்று, புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் முன்னிலையில் வரிப்பொத்தகத்தில் பதிவாகி, உரிய நாட்டார்க்குத் திருமுகமாகச் சென்ற பின்னரே செம்பிலோ கல்லிலோ ஏறியது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்த முதலாம் இராசராசனின் தானம் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். தஞ்சாவூர்ப் புறம்படியில் இராஜாச்ரயன் என்னும் மாளிகையின் தெற்கு மண்டபத்தில், 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில் அவ்வாணை பிறந்தது; தந்தை வாக்கினால் தந்ததைச் செப்பேட்டில் சாசுவதமாக்கியவன் மகன் இராசேந்திரன். இன்று ஹாலந்து தேசத்து லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் அந்த 21 ஏடுகளில் 5 சமஸ்கிருதத்திலும் 16 தமிழிலும் அமைந்தவை. தானப் பொருள் ஓர் ஊர்தான். ஆயினும் ஆணை பிறந்த நாளும் இடமும், எழுதியவர், ஒப்பமிட்டவர், பதிவின்போது உடனிருந்தவர் ஆகியோர் பெயர்களும், பிடியானையை நடத்தி வரையறுத்த நான்கெல்லைகளும் ஒன்றுவிடாமல் அதில் இடம்பெற்றுள்ளன. இவ்விவரங்கள் இல்லையேல் பிற்காலத்தில் எழும் வழக்கொன்றில் அச்செப்பேடு வெறும் உலோகமே என்பதை அக்காலத்து அதிகாரிகள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது திருமழபாடி நிகழ்ச்சி. அவ்வூர் வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்குமாறு இராசராசன் தன் 28-ஆம் ஆண்டில் கட்டளையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தும் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. அவன் காலமும் கடந்து, இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ 1026-இல், புதிய சுவர்களில் அவை மீண்டும் வெட்டப்பெற்றன. கல் அழிந்த இடைக்காலத்தில் தானங்களின் உரிமையைக் காத்தது ஓலையே. இவ்வாறு மறுபடி பொறித்த சாசனங்கள் சிலவற்றில், இது பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். மூலம் எது, படி எது என்ற பேதத்தை மறைக்காத அந்த நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

திருப்பணி என்ற புண்ணிய காரியத்தில் ஈடுபடும் அன்பர்கள் ஒன்றை மட்டும் செய்தருள வேண்டும்: சுவரைத் தொடுமுன் அதிலுள்ள எழுத்துகளுக்கு மைப்படி எடுக்கச் செய்யுங்கள், எந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் உடன் எழுதி வையுங்கள்.