இந்தியாவில் இனங்காணப்படாத வான் நிகழ்வுகள்

இனங்காணப்படாத வான் நிகழ்வு என்பது, வானில் தென்பட்ட ஒரு பொருளையோ ஒளியையோ, கண்டவர் இன்னதென்று அறிய இயலாத நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது பறக்கும் தட்டு எனவும் அழைக்கப்படுகின்றது. இந்தியாவில் பதிவான இத்தகைய நிகழ்வுகள் பலவற்றுக்குப் பின்னர் அறிவியல் விளக்கம் கிடைத்துள்ளது. கோள்கள், ஏவூர்திகள், பலூன்கள், பாசியின் சிதல்கள் ஆகியவை அவ்வாறு கண்டறியப்பட்ட காரணங்களுள் சில. விளக்கம் கிடைத்த நிகழ்வுகளில், காட்சியின் நேரம், திசை, உயரம், மாதிரி ஆகியவற்றுள் ஒன்றேனும் பதிவு செய்யப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பெயர்

1947ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்க வானோட்டி கென்னத் ஆர்னால்டு, ரெய்னியர் மலையருகே ஒளிரும் ஒன்பது பொருட்களைக் கண்டதாகத் தெரிவித்தார். நாளிதழ்கள் அச்செய்தியை வெளியிட்டபோதே பறக்கும் தட்டு என்ற பெயர் பரவியது. ஆயினும் "இனங்காணப்படாத" என்ற சொல் ஒரு பொருளின் தன்மையைக் குறிப்பதன்று. பார்த்தவரிடம் உள்ள தகவலின் அளவையே குறிக்கின்றது. எனவே இச்சொல்லை வேற்றுக்கோள் ஊர்தி என்ற பொருளில் வழங்குவது பொருந்தாது. அமெரிக்க வான்படையின் நீலப் புத்தகத் திட்டம் 1969இல் முடிவுற்றபோது, அதில் இடம்பெற்ற 12,618 பதிவுகளுள் 701 மட்டுமே விளக்கப்படாதவையாக எஞ்சின.

சோவியத் ஒன்றியத்தின் முன்னோடி ஆய்வுகள்

இத்துறையில் ஆர்வலர்களின் பங்கையும் அரசின் பங்கையும் ஒப்பிட்டு அறியச் சோவியத் ஒன்றியம் சிறந்த எடுத்துக்காட்டாகும். மாஸ்கோ வானூர்தியியல் கழகத்தின் ஆசிரியரும் வானியல் நூலாசிரியருமான ஃபீலிக்ஸ் சீகெல் (1920–1988), 1967 நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, வானில் கண்ட புதிரான காட்சிகளை எழுதி அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மடல்கள் வந்தன. ஆனால் 1968 பிப்ரவரியில் பிராவ்தா நாளிதழ் இம்முயற்சியைக் கண்டித்து எழுதியது. அதன் பின்னர் சீகெல் தொகுத்த பதிவுகள் அச்சேறாமல், தட்டச்சுப் படிகளாகவே ஆர்வலர்களிடையே கைமாறின.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று அதிகாலை நான்கு மணியளவில், கரேலியாவின் பெட்ரோசவோட்ஸ்க் நகரின் மேல் சொறிமீன் வடிவில் பேரொளி ஒன்று தோன்றியது. கதிர்கள் கீழ்நோக்கிப் பொழிவது போன்ற அக்காட்சியைப் பலர் கண்டனர். அதற்குச் சற்று முன்னர் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து காஸ்மாஸ்-955 என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டிருந்தது. ஆனால் பிளெசெட்ஸ்க் தளம் ஒன்று இருப்பதையே சோவியத் அரசு 1983ஆம் ஆண்டுவரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே காரணத்தை அறிந்தோர் பேச இயலாத நிலையில் இருந்தனர். பேசியோர் காரணத்தை அறிந்திருக்கவில்லை.

இந்நிகழ்வைத் தொடர்ந்து 1978இல் அறிவியல் கழகத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் இணையான இரு ஆய்வுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. இவை "வலை" என்னும் பொருள்படும் சேத்கா என்ற குறிப்பெயரால் அழைக்கப்பட்டன. படைப்பிரிவுகள் தாம் காணும் புதிரான காட்சிகளை அறிக்கையாக அனுப்பவேண்டும் எனப் பணிக்கப்பட்டன. ஆர்வலர்கள் திரட்டிய பதிவுகளைக் கொண்டு லெவ் கிந்திலிஸ் உள்ளிட்ட மூவர் 1979இல் புள்ளியியல் அறிக்கை ஒன்றையும் வெளியிட்டனர். 1990 வரை நடந்த அரசுத் திட்டங்களுக்குச் சுமார் 3,000 அறிக்கைகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை ஏவூர்தி ஏவல்களாலும் உயர்வளிமண்டலப் பலூன்களாலும் விளைந்தவை என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

தும்பா, 1963

பெட்ரோசவோட்ஸ்க் காட்சிக்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, அதையொத்த ஓர் ஒளிக்காட்சியைத் தென்னிந்திய மக்கள் கண்டுள்ளனர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி ஏவப்பட்டது. அமெரிக்கா அளித்த நைக்-அப்பாச்சி வகை ஏவூர்தியான அது, பிரான்சு நாட்டுக் கருவியைச் சுமந்து சென்று மேல் வளிமண்டலத்தில் சோடியம் ஆவியை வெளியிட்டது. கதிரவன் மறைந்த பின்னரும் அவ்வுயரத்தில் வெயில் படுவதால், சோடியம் முகில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. முகில் நகர்ந்த விதத்தைக் கொண்டு மேல் வளிமண்டலக் காற்றின் வேகத்தை அளவிடுவதே சோதனையின் நோக்கம்.

இம்முகில் கேரளத்திலும் அதையொட்டிய தமிழகப் பகுதிகளிலும் தென்பட்டது. இதனைக் காண்பதற்காகக் கேரளச் சட்டமன்றம் சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது. இரு காட்சிகளின் இயற்பியல் அடிப்படையும் ஒன்றே: தரையில் இருள், உயரத்தில் வெயில், இடையே ஏவூர்தி விட்டுச்சென்ற பொருள். தும்பாவில் சோதனை வெளிப்படையாக நடந்ததால் அது அறிவியல் நிகழ்ச்சியாக வரவேற்கப்பட்டது. கரேலியாவில் மறைக்கப்பட்டதால் புதிராயிற்று.

கேரளச் சிவப்பு மழை, 2001

2001ஆம் ஆண்டு ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை கேரளத்தின் கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் பல முறை சிவப்பு நிற மழை பெய்தது. சங்கனாச்சேரியில் முதல் மழைக்கு முன்னர் பேரொலி கேட்டதாக மக்கள் கூறினர். இதனால், எரிகல் ஒன்று வெடித்துச் சிதறியதே காரணம் எனப் புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் கருத்துத் தெரிவித்தது. மழைநீரை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அதிலிருந்தவை எரிகல் தூசு அல்ல, உயிரணுக்கள் எனத் தெரிந்தது. அம்மையம் சில நாட்களிலேயே தன் கருத்தைத் திரும்பப் பெற்றது. வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து 2001 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அத்துகள்கள் ட்ரெண்டிபோலியா என்னும் பாசியின் சிதல்கள் எனக் கூறப்பட்டது.

மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்களான காட்ஃபிரே லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகியோர் இதனை ஏற்கவில்லை. துகள்கள் விண்வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்னும் கருதுகோளை முன்வைத்து 2006இல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டனர். இது உலகெங்கும் பேசப்பட்டது. 2015இல் இந்திய, ஆஸ்திரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, இப்பாசி ஐரோப்பாவில் அறியப்பட்ட ட்ரெண்டிபோலியா அன்னுலாட்டா இனம் என மரபணு ஒப்பீட்டின் வழியே காட்டியது. மழைநீரின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டிருந்ததாலேயே இருதரப்புக் கருத்துகளையும் ஆய்வுக்கு உட்படுத்த முடிந்தது.

கொல்கத்தா, 2007

2007ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று விடியற்காலையில் கிழக்குக் கொல்கத்தாவில் ஒளிப்பொருள் ஒன்று நிகழ்படக் கருவியில் பதிவு செய்யப்பட்டது. அது உருமாறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றிய அப்படம் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. பின்னர் அது வெள்ளிக் கோள் என விளக்கப்பட்டது. அதற்கு முந்திய நாளில்தான் வெள்ளி, விடியல் வானில் கதிரவனிடமிருந்து மேற்கே மிகு கோணத் தொலைவை எட்டியிருந்தது. குவியம் சரியாக அமையாத ஒளிப்படக்கருவி, புள்ளியளவான ஒளியையும் வட்டமாகவும் முக்கோணமாகவும் காட்டக்கூடும்.

லடாக், 2012–2013

இந்திய நிகழ்வுகளில் மிகவும் பாரதூரமான விளைவை ஏற்படுத்தியிருக்கக் கூடியது லடாக் நிகழ்வாகும். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, பாங்கோங் ஏரிப் பகுதியில் 329 ஒளிக்காட்சிகளை இந்தியப் படையினர் பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவ்வொளி எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து வந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவை சீனாவின் ஆளில்லா வானூர்திகளாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 2013 ஏப்ரலில் தவுலத் பேக் ஓல்டி பகுதியில் இருநாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்ற காலம் அதனை அடுத்து வந்தது என்பதை நோக்க, தவறான முடிவு ஒன்றின் விளைவு எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை உணரலாம்.

பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. வானியலாளர்கள் நேரில் சென்று ஆராய்ந்தபோது, அவ்வொளிகள் வியாழனும் வெள்ளியும் எனத் தெரியவந்தது. அப்பருவத்தில் வியாழன் இரவு வானிலும், வெள்ளி விடியற்காலை வானிலும் பொலிவுடன் விளங்கின. மெல்லிய, தூய காற்றுள்ள உயர்நிலத்தில் கோள்கள் சமவெளியில் காண்பதைவிடப் பொலிவாகத் தெரியும். புவியின் சுழற்சியால் அவை வானில் நகரும்போது, எல்லைக்கு அப்பாலிருந்து ஏதோ ஒன்று மெல்ல அணுகுவது போன்ற தோற்றம் உண்டாகும். படையினர் முறையாகப் பதிவேடு வைத்திருந்ததால் இவ்வையம் தீர வழி பிறந்தது.

நாட்டறம்பள்ளி, 2016

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டம் (தற்போது திருப்பத்தூர் மாவட்டம்) நாட்டறம்பள்ளி அருகேயுள்ள தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர். விண்கல் விழுந்ததே காரணம் எனத் தமிழக முதலமைச்சர் அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்க ஆணையிட்டார். விண்கல்லால் ஒருவர் இறந்தது உறுதிப்பட்டிருந்தால், அது அறிவியல் வரலாற்றில் மிக அரிய நிகழ்வாக அமைந்திருக்கும்.

ஆனால் வெளியான ஒளிப்படங்கள் தரையில் நிகழ்ந்த வெடிப்போடு பொருந்துகின்றன என நாசா அறிவியலாளர்கள் கருத்துத் தெரிவித்தனர். சிறிய விண்கல் காற்றின் தடையால் வேகம் இழந்து விழுவதால், தரையை அடையும்போது வெடிப்பதில்லை. இதனோடு ஒப்பிடத்தக்கது, 2013 பிப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த எரிகல்லாகும். வாகனங்களில் பொருத்தப்பட்டிருந்த ஒளிப்படக்கருவிகள் அதன் பாதையைப் பதிவு செய்தன. அப்பதிவுகளின் துணையுடன் அதன் பாதை கணிக்கப்பட்டது. செபார்குல் ஏரியிலிருந்து பெருந்துண்டும் அவ்வாண்டே மீட்கப்பட்டது.

வடகிழக்கு மாநிலங்கள், 2022–2023

2022 டிசம்பர் 15 மாலை ஒடிசா, மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் வானில் கூம்பு வடிவ ஒளி தென்பட்டது. அன்று மாலை ஒடிசா கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டிருந்தது. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் வானூர்தி நிலையத்தின் அருகே இனந்தெரியாத பொருள் தென்பட்டதாகக் கூறப்பட்டு, வானூர்திச் சேவை சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. தேடிச் சென்ற ரஃபேல் போர் வானூர்திகளுக்கு எதுவும் தென்படவில்லை. கண்ணால் கண்ட செய்தியைத் தவிர அளவீடு கிடைக்காதபோது, ஒரு நிகழ்வு இவ்வாறு விளக்கம் பெறாமலேயே நின்றுவிடுகின்றது.

அடிக்கடி தவறாக இனங்காணப்படுவன

- வெள்ளி, வியாழன்: அடிவானத்தருகே இருக்கும்போது காற்றின் அலைவால் சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். முகில் நகர்கையில் கோளே நகர்வதாகத் தோன்றும்.
- செயற்கைக்கோள்கள்: ஓசையின்றி, சீரான வேகத்தில் நகர்ந்து, புவியின் நிழலில் புகும்போது திடீரென மறையும். 2019 முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வரிசையான விளக்குகளைப் போலத் தெரியும்.
- ஏவூர்திகள்: அந்தியிலும் விடியலிலும் ஏவப்படும்போது விரிந்து ஒளிரும் முகிலை உண்டாக்கும்.
- பலூன்கள்: கதிரவன் மறைந்த பின்னரும் உயரத்தில் வெயில் பட்டு ஒளிரும்.
- வானூர்திகள்: பார்ப்பவரை நோக்கி நேராக வரும்போது விளக்கு அசையாமல் நிற்பது போலத் தோன்றும்.

சேர்வராயன் மலையில் வான்நோக்கல்

சேலம் மாவட்டம் ஏற்காட்டை அடுத்த சேர்வராயன் கோயில் அமைந்துள்ள மேட்டுநிலம் (சுமார் 1,620 மீட்டர்) சேர்வராயன் மலைத்தொடரின் உயர்ந்த பகுதியாகும். உச்சி தட்டையாக இருப்பதால் அடிவானம் அகன்று தெரியும். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து வடகிழக்கே நேர்க்கோட்டில் சுமார் 300 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தொலைவுக்குப் புவியின் வளைவைக் கணக்கிட்டால், ஏவூர்தி சில கி.மீ. உயரம் எட்டியதுமே அடிவானத்துக்கு மேல் வந்துவிடும். மூடுபனியும் முகிலும் இல்லாத அந்தி வேளையில் அதன் ஒளியைக் காண வாய்ப்புண்டு. மலைக்குக் கீழே சேலம் நகர விளக்குகளும் காமலாபுரம் வானூர்தி நிலையமும் உள்ளமையால், இங்கு ஓர் ஒளியைக் காண்பவர் முதலில் அது அடிவானத்துக்கு மேலுள்ளதா, கீழுள்ளதா என்பதை உறுதி செய்தல் வேண்டும்.

பதிவு செய்யும் முறை

ஆர்வலரின் பதிவு பயன்படுவதற்குப் பின்வருவன இன்றியமையாதவை:

1. நாள், நேரம் (நிமிடத் துல்லியத்துடன்), காட்சி நீடித்த காலம்.
2. நின்ற இடமும் நோக்கிய திசையும்.
3. அடிவானத்திலிருந்து உயரம். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும்.
4. அருகிலிருந்த நிலவு, விண்மீன் அல்லது மரம், கட்டடம் ஆகியவற்றோடு ஒப்பிட்ட நிலை.
5. மறுநாளும் அதே இடத்தில் நின்று பார்த்த விவரம். விண்மீன் ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். வானூர்தி அவ்வாறு வருவதில்லை.

தொலைவு, உண்மையான அளவு, வேகம் ஆகியவற்றை ஒரே இடத்திலிருந்து கண்ணால் மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று. இருவர் சில கி.மீ. இடைவெளியில் நின்று ஒரே நேரத்தில் திசையையும் உயரத்தையும் குறித்திருந்தால், முக்கோண முறையால் அருகிலுள்ள பொருளின் தொலைவைக் கணக்கிடலாம். இரு பதிவுகளிலும் திசை மாறாமலிருந்தால், அப்பொருள் மிகத் தொலைவில், பெரும்பாலும் விண்ணில் உள்ளது எனக் கொள்ளலாம்.