மலையில்லாத ஊரில் மவுண்டன் பைக்: ஏரிக்கரைப் பாதைகளின் கதை

மவுண்டன் பைக் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே படம்தான். செங்குத்தான மலை, தலையில் ஹெல்மெட், புழுதி பறக்க ஒருவர் பாய்ந்து இறங்குவார். ஆனால் அந்த வண்டியை வாங்கிய எல்லோரும் மலை ஏறுவதில்லை. பலருக்குத் தேவை ஒரு மண் பாதை. பக்கத்தில் ஆறோ வயலோ இருக்க வேண்டும், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்க வேண்டும், லாரி வரக்கூடாது. அவ்வளவுதான்!

அப்படிப்பட்ட பாதைகளைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் பக்கம் போனால் போதும். ராஜகுளம், வேடந்தாங்கல் என்று ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கும் பகுதி அது. (தாங்கல் என்றால் சிறிய ஏரி.) ஒவ்வொரு ஊருக்கும் ஏரி, ஒவ்வொரு ஏரிக்கும் கரை, கரைமேல் ஒரு வண்டித் தடம். ஏற்றம் இல்லை, இறக்கமும் இல்லை. இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. பிறகு யார், எதற்காகப் போட்டார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் வண்டியின் கதை

1817ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரம் வைத்த ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். அதில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. 1885ல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்ற வண்டியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் உருவம் அதுதான். 1888ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதும் இடுப்பு வலி குறைந்தது!

மவுண்டன் பைக் பிறந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. 1976ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் ஒரு மலைப்பாதையில் போட்டி வைத்தார்கள். போட்டியின் பெயர் ரீபேக். வேகமாக இறங்கும்போது பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். 1977ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனியாக ஃபிரேம் செய்தார். 1981ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயமும் சேர்ந்துகொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த இளைஞர்கள் முதலில் எடுத்தது விலை உயர்ந்த ரேஸ் சைக்கிளை அல்ல. பெரியவர்கள் ஓட்டிப் போட்ட, தடித்த டயர் கொண்ட பழைய கனமான வண்டிகளைத்தான். ஏனென்றால் மோசமான பாதையைத் தாங்கியது அவைதான்.

அதற்கும் முன்பே, 1955ல் இங்கிலாந்தில் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கம் தொடங்கியது. தார் ரோட்டை விட்டுவிட்டு மண் பாதையில் நிதானமாக ஓட்டுவோர் சங்கம். அவர்கள் தேடியது வேகம் அல்ல, வழி. உத்திரமேரூர் ஏரிக்கரைகள் இந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருத்தம்.

தண்ணீர் போட்ட பாதை

உலகத்தில் சுலபமான சைக்கிள் பாதைகள் பலவற்றுக்கும் தண்ணீரோடு சம்பந்தம் இருக்கிறது. பிரான்சில் 1681ல் முடிந்த மிடி கால்வாயின் கரையில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்தன. அந்தக் குதிரைப் பாதையில் இன்று பல இடங்களில் சைக்கிள் ஓடுகிறது. ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக மிதிக்கிறார்கள். காரணம் எளிது. தண்ணீர் மட்டத்தைத் தேடும். தண்ணீருக்காகக் கட்டிய கரையும் மட்டமாகத்தான் இருக்கும். மட்டமான இடத்தில் சைக்கிள் சுகமாகப் போகும்.

பாலாற்றுப் பகுதியில் நடந்ததும் இதுதான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து கிழக்கே வரும் பாலாறு, ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறு, காஞ்சிபுரத்தை ஒட்டி வரும் வேகவதி ஆகிய மூன்றும் உத்திரமேரூருக்கு வடகிழக்கே திருமுக்கூடலில் சேர்கின்றன. நிலம் கடலை நோக்கி மெதுவாகச் சரிகிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். மழை கொஞ்ச நாள்தான், வெயில் ரொம்ப நாள். எனவே ஓடும் தண்ணீரை நிறுத்திவைக்க மேற்கே திறந்த பிறை வடிவில் மண் கரை போட்டார்கள். ஒரு ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலியாக வைத்த ஏரிகளின் கரைமேல் மனிதர் நடந்தார், மாடு நடந்தது, கட்டை வண்டி போனது. கடைசியாகச் சைக்கிள் வந்தது.

வட்டியில் நடந்த பராமரிப்பு

மண் கரை கட்டுவது ஒருமுறை வேலை. காப்பாற்றுவது வருடா வருடம் வேலை. வணிகவியல் படிக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது. எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு, அதற்கென்று பணம் ஒதுக்கி வைக்காவிட்டால் ஒருநாள் சொத்தே இருக்காது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரின் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்திலேயே அது பேசப்படுகிறது. அந்த ஏரியைத் தூர் வாருவதற்காகப் பொன் கொடுத்து வைத்த செய்தி கல்வெட்டுகளில் இருக்கிறது. முதலைத் தொடாமல், அதில் வரும் வட்டியைக் கொண்டு வேலை நடக்க வேண்டும். எடுத்த வண்டலைக் கரைமேல் போட்டால் ஏரி ஆழமாகும், கரையும் உயரும். ஒரே செலவில் இரண்டு லாபம்!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இப்படி அமைந்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரைக்கூடக் குடத்தில் போட முடியாது.

பெருமைப்படும்போது இன்னொன்றையும் மறக்கக்கூடாது. குடத்தில் பெயர் போட வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிரம்மதேய ஊர் அது. பெண்களுக்கு இடமில்லை. சேற்றில் இறங்கி மண் வெட்டியவர்களுக்கும் இடமில்லை. கரையைக் கட்டிய கைகள் வேறு, கரையை நிர்வகித்த கைகள் வேறு.

பிறகு வந்த காலத்தில் ஊரார் கூடி ஏரி வேலை செய்யும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1794 முதல் 1798 வரை இந்தப் பகுதியின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் அக்கறை காட்டினார். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற ஏரிகாத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் இவர்தான். வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர் மக்கள் கேட்டதற்கு 1798ல் உத்தரவு தந்தவரும் இவர்தான். அந்த மக்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம்.

அம்பத்தூரிலிருந்து வந்த வண்டி

சுதந்திரத்துக்கு முன்பு சைக்கிள் என்றால் கப்பலில் வந்த சாமான். ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. எல்லாமே இங்கிலாந்துப் பெயர்கள். 1949ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் தொழிற்சாலை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் நம்ம ஊரிலேயே தயாரானது இப்படித்தான்.

கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் அகலமான கேரியர். அந்த வண்டிக்கு யாரும் மவுண்டன் பைக் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் அது செய்த வேலை அதுதான். நெல் மூட்டை, பால் கேன், நெசவாளரின் சேலைக் கட்டு, பின்னால் ஒரு ஆள், முன் பாரில் ஒரு குழந்தை என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் போனது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கிடைத்தது. கால் எட்டாத பையன்கள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகினார்கள்.

பையன்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் வேடிக்கை பார்த்த காலம் அது. அதை உடைத்தது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் தர, கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் என்ன, ஜென்ட்ஸ் சைக்கிளே நல்லது, பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்றார்களாம்!

தடை பெண்களுக்கு மட்டும் இருந்ததில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் தலித் மக்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமையும் இருந்தது. அந்தப் பின்னணியில் பார்த்தால், 2001ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதன் அர்த்தம் புரியும். சில ஆண்டுகளில் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2006ல் பீகார் மாணவிகளுக்கு இதே போன்ற திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த முரளிதரன், பிரகாஷ் என்ற பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூர்களிலும் மேல்நிலைப் பள்ளிக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர்கள் உண்டு. வண்டி கிடைத்தால் மட்டும் போதாது, லாரிக்குப் பயப்படாமல் மிதிக்க ஒரு வழியும் வேண்டும்.

முள் சொல்லும் கணக்கு

இன்று சென்னையிலிருந்து கியர் வண்டியில் வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி ஒரு நல்ல வழி. பழைய சீவரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. பாலத்தில் பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. அங்கிருந்து தெற்கே உத்திரமேரூர், கல்வெட்டுகள் இருக்கும் வைகுண்ட பெருமாள் கோயில், பிறகு சுமார் 20 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏரியில் தண்ணீரும் இருக்கும், மரத்தில் பறவையும் இருக்கும். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு எச்சரிக்கை. பஞ்சர் ஒட்டும் சாமானும் ஒரு உபரி டியூபும் கையில் இருக்கட்டும். ஏரிக்கரையில் எதிரி மேடு பள்ளம் அல்ல, சீமைக்கருவேல முள். 1870களில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் அது. ஆளும் மாடும் நடக்கிற, வருடா வருடம் மண் போட்டுச் செப்பனிடுகிற கரையில் அது அடர்ந்து வளர முடியாது. கைவிட்ட கரையில் காடாகிவிடும். 2017ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது ஏரிகளில் தூர் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். அதே வேலையை வருடா வருடம் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் பொன்னை முதலாக வைத்தார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நாளில் நல்ல கரை இருந்தால் ஊர் தப்பிக்கும், மற்ற நாளில் அதே கரைமேல் ஒரு மாணவி பள்ளிக்கூடம் போவாள். கரை கெட்டால் இரண்டும் போச்சு. எனவே அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்துப் பார்க்கலாம். எந்தக் கரையில் டயர் அதிகமாகப் பஞ்சர் ஆகிறதோ, அந்த ஏரிக்குச் செலவு செய்து பல வருடம் ஆகிறது என்று அர்த்தம்.