முதலீட்டு வங்கி இன்டர்வியூவும் தூத்துக்குடி கப்பல் கம்பெனியும்

முதலீட்டு வங்கி என்றதும் பணம் போடவும் எடுக்கவும் போகிற வங்கி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஒரு கம்பெனிக்குப் பெருந்தொகை தேவைப்படும்போது பங்கு வெளியிட்டோ கடன் பத்திரம் விற்றோ அதைத் திரட்டித் தருவதும், ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது என்ன விலை தகும் என்று ஆலோசனை சொல்வதும்தான் முதலீட்டு வங்கியின் வேலை.

இந்த வேலைக்கான இன்டர்வியூ பல சுற்றுகளாக நடக்கும். கேட்கப்படும் கேள்விகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் இந்த வேலை?
2. கணக்கியல்
3. ஒரு கம்பெனிக்கு விலை மதிப்பிடுவது
4. ஏதாவது ஒரு டீலை எடுத்துப் பேசச் சொல்வது

நான்காவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பேப்பரில் படித்த மும்பை, நியூயார்க் டீல் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் போதும், அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள பகுதியின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. இன்டர்வியூவில் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நிஜமாக எழுந்தவைதான்.

எட்டயபுரத்துப் பஞ்சாலை

எட்டயபுரம் என்றால் பாரதியார் நினைவுக்கு வருவார். அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஆர்வம் உள்ளவர். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி. அதை நம்பி எட்டயபுரத்தில் ஒரு பஞ்சாலை தொடங்கினார். ஆலை நிலைக்கவில்லை. போட்ட செல்வமெல்லாம் போயிற்று. 1898இல் அவர் காலமானபோது பாரதிக்குப் பதினைந்து வயது.

மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைக்கிறது, இயந்திரமும் தெரியும். அப்படியும் தொழில் நிற்கவில்லை. "நல்ல யோசனைதானே, ஏன் தோற்றது?" என்று இன்டர்வியூவில் கேட்கப்படுவது இதைத்தான்.

40,000 பங்குகள்

எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கிறது ஒட்டப்பிடாரம். அங்கே பிறந்த வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் வாங்கினார். அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையில். ஒரே முதலீட்டாளர் இவ்வளவு வைத்திருப்பது பலமா, பலவீனமா? இதுவும் அடிக்கடி வரும் கேள்விதான்.

அன்றைக்கு செபியும் இல்லை, இன்றுள்ள வகையில் பங்கு வெளியீட்டை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கரும் இல்லை. வ.உ.சி.யே ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். பாரதியின் "இந்தியா" பத்திரிகை கம்பெனிக்கு ஆதரவாக எழுதியது.

நேரம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலானது. வெள்ளைக்காரர் வங்கி என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். அந்த அதிர்ச்சியில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அப்படிப்பட்ட காலத்தில் மக்களிடம் கப்பலுக்குப் பணம் கேட்டு வாங்குவது சாதாரணக் காரியம் அல்ல.

எட்டணா டிக்கெட்

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்து ஓட்டியது. கப்பல் கொடுத்தவர்களை எதிர்த்தரப்பு மிரட்டித் தடுத்ததால் 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் அவை ஓடின.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பிறகு வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. கூடவே குடையும் தந்ததாகச் சொல்வார்கள்.

இங்கேதான் மதிப்பீட்டுக் கேள்விக்கு விடை இருக்கிறது. ஒரு கம்பெனியின் விலையை மூன்று வழிகளில் கணிக்கலாம். அதே மாதிரியான கம்பெனிகளின் விலையோடு ஒப்பிடலாம். முன்பு நடந்த விற்பனைகளைப் பார்க்கலாம். அல்லது வரும் ஆண்டுகளில் கையில் நிற்கப்போகும் ரொக்கத்தைக் கணித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரலாம். மூன்றாவது முறைக்கு டி.சி.எஃப். என்று பெயர். இதைச் சுதேசிக் கம்பெனிக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் பாதியானால், அதே அளவு பயணிகள் வந்தாலும் வருமானம் பாதி ஆகிவிடும். நிலக்கரிச் செலவு பாதி ஆகாது, மாலுமிகளின் சம்பளமும் குறையாது. எதிரிக்குப் பல கடல்களில் கப்பல் ஓடியது. இங்கே விட்டதை வேறு வழித்தடத்தில் எடுக்கலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ ஒரே வழித்தடம்.

கணக்கியலில் பிரபலமான கேள்வி ஒன்று உண்டு: "தேய்மானம் 10 ரூபாய் கூடினால் என்ன ஆகும்?" வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.50 குறையும். ஆனால் தேய்மானம் ரொக்கமாக வெளியே போகாத செலவு. வரி 2.50 மிச்சமாவதால் கையிருப்பு 2.50 கூடும். லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது புரிந்திருக்கிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். கப்பல் கம்பெனிக்கும் உயிர்நாடி ரொக்கம்தான்.

ஒரு மனிதரை நம்பிய கம்பெனி

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலை 7 அன்று இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. யாரை எதிர்த்து வாங்கினார்களோ அவர்களிடமே காலியா கப்பல் விற்கப்பட்டது.

தேசபக்தி மூலதனத்தைக் கொண்டுவந்தது. ஆனால் கட்டணப் போர் நீண்டபோது திரும்பத் திரும்ப அதையே கேட்டு வாங்க முடியவில்லை. அரசின் பகையோ எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாத செலவு. ஒரு டீலின் அபாயம் என்ன என்று கேட்டால் இந்த மூன்றையும் சொல்லலாம்: போட்டியாளரின் பண பலம், அரசு, ஒரே தலைவரைச் சார்ந்திருப்பது.

அதே ஊர், 2022

தூத்துக்குடியில் முயற்சி அதோடு நின்றுவிடவில்லை. 1921இல் அங்கே நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 2022 செப்டம்பரில் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 500 முதல் 525 ரூபாய் வரை விலை கேட்கப்பட்டு 510 என்று முடிவானது. 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் பங்குகள், ஏறக்குறைய 808 கோடி ரூபாய். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலையை இப்போது முதலீட்டு வங்கிகள் செய்து கொடுத்தன. விலை ஏன் 510, ஏன் 525 இல்லை என்று யோசித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

முடிவுரை

சூத்திரங்களை யாரும் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். பணம் எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது, கெட்ட காலம் வந்தால் எத்தனை நாள் தாங்கும் என்ற மூன்றையும் ஒரு நிஜமான கம்பெனியை வைத்துப் பேசத் தெரிந்தவர்தான் தேறுகிறார். மூலதனம் திரட்டுவது ஒரு திறமை. திரட்டியதை வைத்துத் தாக்குப்பிடிப்பது இன்னொரு திறமை. சுதேசிக் கம்பெனிக்கு முதலாவது வாய்த்தது, இரண்டாவதற்கு அவகாசம் தரப்படவில்லை. இந்த வேறுபாட்டைச் சொந்த வார்த்தைகளில் விளக்கத் தெரிந்த மாணவர், எந்த ஊரிலிருந்து வந்தாலும், இன்டர்வியூ அறையில் தயங்க வேண்டியதில்லை.