முடிவைத் திருத்தக் கேட்டவர்கள்: பாத்திரமேற்பு ஆட்டங்களின் விரிவாக்கங்களும் ரசிகர்களும்

பாத்திரமேற்பு ஆட்டம் (ஆர்.பி.ஜி.) என்பது ஆடுபவரே கதையின் நாயகராக நின்று, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று முடிவெடுத்துச் செல்லும் வீடியோ கேம் வகையாகும். ஆட்டம் வெளிவந்த பின்னர், அதனோடு சேர்த்து ஆடுவதற்காக வெளியிடப்படும் கூடுதல் பகுதி விரிவாக்கம் எனப்படும். புதிய நிலப்பரப்பு, புதிய ஆயுதங்கள், புதிய பகைவர்கள் ஆகியவையே நீண்ட காலம் விரிவாக்கத்தின் ஈர்ப்பாக இருந்தன. 2000களின் பிற்பகுதியில் இன்னோர் எதிர்பார்ப்பு வலுத்தது. மூல ஆட்டத்தின் கதை சறுக்கிய இடத்தை விரிவாக்கம் சரிசெய்ய வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினர்.

அப்சிடியன் நிறுவனத்தின் 'நெவர்வின்டர் நைட்ஸ் 2' 2006 அக்டோபரில் வந்தது. பல மணி நேரப் பயணத்துக்குப் பின் நாயகர் நிழல்களின் அரசனை வீழ்த்துகிறார். உடனே அந்த இடிபாடு சரிந்து விழுகிறது. கூட வந்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்பதை அசையாப் படங்களும் ஒரு குரலும் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆடியவர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

மறு ஆண்டு வந்த விரிவாக்கமான 'மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர்' அந்த முடிவை மாற்றவில்லை. ராஷமன் என்ற தொலைநாட்டில் ஒரு புதைமேட்டுக்குள் நாயகர் கண்விழிக்கிறார். நெஞ்சில் புதைந்திருந்த வெள்ளிச் சில்லு பிடுங்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதில் ஆவிகளைத் தின்னத் தூண்டும் பசி குடிபுகுந்திருக்கிறது. அந்தச் சாபத்தின் வேரைத் தேடிப் போனால் அது நம்பிக்கையற்றோர் சுவரில் சென்று முடிகிறது. எந்தக் கடவுளையும் வணங்காமல் இறந்தோரின் உயிர்களைக் கல்லாக வைத்துக் கட்டிய சுவர் அது. ஜார்ஜ் ஸீட்ஸ் முதலியோர் எழுதிய இக்கதை, அச்சுவர் அநீதியானது என்று ஆடுபவரை மனமார நம்பவைக்கிறது. ஆனால் அதை இடிக்க மட்டும் வழி தரவில்லை. அந்தக் கற்பனை உலகம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உரிமையாளர்களுக்குச் சொந்தமானது. அதன் தூண்களில் ஒன்று அச்சுவர். இங்கே ரசிகர்கள் அடைந்த ஏமாற்றத்தை எழுத்தின் தோல்வியாகக் கொள்ள முடியாது. எழுத்து வென்றதால்தான் இடிக்கும் ஆசையே வந்தது. (2020இல் விதிநூல் ஒன்றுக்கு வெளியான திருத்தத்தில் இச்சுவரைப் பற்றிய குறிப்பு நீக்கப்பட்டது.)

பெதஸ்டாவின் 'ஃபால்அவுட் 3' (2008) கதையின் எரிச்சல் வேறு வகை. நீரைத் தூய்மையாக்கும் இயந்திரத்தை இயக்க, கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் நுழைந்தாக வேண்டும். நுழைபவர் உயிரை இழப்பார். ஆனால் கூடவே ஃபாக்ஸ் என்னும் தோழர் நிற்கக்கூடும். அவரைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. முன்பு ஒருமுறை இதே போன்ற அறைக்குள் நுழைந்து ஒரு பொருளை எடுத்துத் தந்தவரும் அவரே. இப்போது கேட்டால், இது உன் விதி, உனக்கு உரியதை நான் பறிக்கமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார்! போதாததற்கு, ஆட்டமும் அத்தோடு முடிந்துவிடும். உலகைத் தொடர்ந்து சுற்றிவர முடியாது.

2009 மே மாதம் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' விரிவாக்கம் இரண்டையும் திருத்தியது. நாயகர் இரண்டு வாரம் கழித்துக் கண்விழிக்கிறார். ஃபாக்ஸும் உள்ளே போகச் சம்மதிக்கிறார். ஆனால் அவரை அனுப்பினால், தந்தையின் தியாக வழியில் செல்ல மறுத்த பிள்ளை என்று முடிவுரைக் குரல் நாயகரையே இடித்துரைக்கிறது. கதவைத் திறந்துவிட்டவர்கள், நுழைந்தவரைத் திட்டுவதை நிறுத்த மறந்துவிட்டார்கள் போலும்.

இவற்றையெல்லாம் சிறு சலசலப்பாக்கியது பயோவேரின் 'மாஸ் எஃபெக்ட் 3'. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று ஆட்டங்களிலும் ஆடுபவரின் தேர்வுகள் அடுத்ததற்குக் கொண்டுசெல்லப்பட்டன. முடிவு ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லும்படி இருக்காது என இயக்குநர் கேசி ஹட்சன் முன்பே கூறியிருந்தார். வந்ததோ சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று ஒளிகளும், ஏறக்குறைய ஒரே காட்சிகளும். ரசிகர்கள் 80,000 டாலருக்கு மேல் அறநிதி திரட்டி எதிர்ப்பைக் காட்டினர். ஒரு குழுவினர் மூன்று நிறப் பூச்சுடன் கப்கேக்குகளை நூற்றுக்கணக்கில் அனுப்பினர். நிறம் எதுவானாலும் உள்ளே சுவை ஒன்றுதான்.

2012 ஜூன் 26 அன்று 'எக்ஸ்டென்டட் கட்' இலவசமாக வெளிவந்தது. தோழர்களின் பின்வாழ்க்கை காட்டப்பட்டது. மூன்றையும் மறுக்கும் நான்காவது வழியும் சேர்ந்தது; மறுத்தால் அந்த யுகமே அழியும். எங்களுக்குச் சொன்ன பதிலோ இது என்று சிலர் நொந்துகொண்டனர். 2013 மார்ச்சில் வந்த 'சிட்டடல்' முடிவைத் தொடவே இல்லை. பழைய தோழர்கள் ஒரு வீட்டில் கூடி உண்டு, குடித்து, கேலி பேசிப் பிரிகிறார்கள். முடிவின் மேல் இன்னும் கோபம் தணியாத பலர் இதைப் போற்றுகின்றனர். புதிய முடிவு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, முறையாக விடைபெறும் ஒரு மாலைப்பொழுதே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே பயோவேர் 2014இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' ஆட்டத்துக்கு 2015 செப்டம்பரில் 'டிரெஸ்பாசர்' வந்தது. கூடவே வந்த சோலஸ் உண்மையில் யார், அவர் நோக்கம் என்ன என்பதை விளக்கும் உண்மையான இறுதி அத்தியாயம் அதுதான். எழுத்து அருமை, ஆனால் முடிவைத் தனியே விலைக்கு விற்கலாமா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அத்தியாயம் அடுத்த ஆட்டத்துக்கான சபதத்தோடு முடிந்ததால், ரசிகர்கள் காத்திருந்தார்கள். 'த வெயில்கார்ட்' வர 2024 அக்டோபர் ஆயிற்று. முந்தைய ஆட்டங்களின் தேர்வுகளைப் பதிந்துவைக்க 'டிராகன் ஏஜ் கீப்' என்ற தளத்தை பயோவேர் தந்திருந்தது. புதிய ஆட்டம் அதைப் பயன்படுத்தவில்லை. யாரைக் காதலித்தீர், இன்குவிசிஷன் அமைப்பைக் கலைத்தீரா, சோலஸைத் தடுக்கச் சபதம் செய்தீரா மீட்கவா என்ற மூன்றை மட்டும் கேட்டது. பின்னிரண்டும் 'டிரெஸ்பாசர்' விரிவாக்கத்தில் எடுத்த முடிவுகள். துயரக் கிணற்றின் நீரைக் குடித்தவர் யார் என்று அது கேட்கவே இல்லை.