எர்திக் மனையும் அதன் மாந்தரும்

பெருமனைகளின் வரலாறு என்றால் அவற்றைக் கட்டியவர், வாங்கியவர், விற்றவர் ஆகியோரின் வரலாறு என்று கொள்வதே பெருவழக்கு. அங்கே அடுப்பெரித்தவரும் குதிரைக்குப் புல்லிட்டவரும் கணக்கேட்டில் சம்பளத் தொகையாக மட்டுமே இடம்பெறுவர். அவர்கள் முகம் எப்படியிருந்தது என்று எவரும் கேட்பதில்லை. இவ்வழக்கிற்கு விலக்கான மனை ஒன்று வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், ரெக்சம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் உள்ளது. எர்திக் என்பது அதன் பெயர். வேல்ஸ் மொழியில் இரட்டை எழுத்தாக எழுதப்படும் அதன் இடையொலி, 'அது' என்னுஞ் சொல்லில் நாம் ஒலிக்கும் தகரத்திற்கு மிக நெருங்கியது. ஆங்கிலேயர் நாவைவிடத் தமிழர் நா அப்பெயரை எளிதாக ஒலிக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

மனையைக் கட்டத் தொடங்கியவர் ஜோஷுவா எடிஸ்பரி. டென்பிஷையர் மாவட்டத்தின் ஷெரீப்பாக விளங்கிய இவர், 1684ஆம் ஆண்டில் தாமஸ் வெப் என்னும் கொத்தரைக் கொண்டு பணியைத் தொடங்கினார். பதவியின் பெருமைக்கேற்ற வீடு வேண்டும் என்பது அவர் விருப்பம். வீடு எழுந்தது, கடனும் உடன் எழுந்தது. கடன் கொடுத்தோருள் ஒருவர் நமக்கு அயலவர் அல்லர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல் என்பவரே அவர். யேல் குடும்பத்தின் இல்லமான பிளாஸ் குரோனோ எர்திக் நிலத்தை ஒட்டியே இருந்தது. எனவே எடிஸ்பரியும் யேலும் அண்டை வீட்டார்.

யேலின் வாழ்வு சென்னையோடு பின்னிப் பிணைந்தது. 1672இல் கும்பெனியின் எழுத்தராக வந்திறங்கினார். கோட்டையினுள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டபோது அங்கு நடைபெற்ற முதல் திருமணம் இவருடையதே. 1688இல் இறந்த இவருடைய சிறு மகன் டேவிட்டின் கல்லறைத்தூண் சென்னைச் சட்டக்கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கும்பெனிச் சம்பளம் சிறிது; சொந்த வாணிகத்தால் சேர்ந்த செல்வமோ பெரிது. பதவியைத் தம் நலனுக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1692இல் பதவி நீக்கப்பட்டார். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியிலிருந்த ஒரு கல்லூரிக்கு இவர் அனுப்பிய பொருளுதவிதான் இவர் பெயரை யேல் பல்கலைக்கழகமாக நிலைக்கச் செய்தது. 1721இல் மறைந்த இவர் ரெக்சம் புனித கைல்ஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

எர்திக் மனை கட்டத் தொடங்குமுன்பே, 1682இல், சென்னையிலிருந்து யேல் எடிஸ்பரி குடும்பத்திற்கு அரக்கு மெருகேற்றிய மடக்குத்திரை ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அது எனக் கருதப்படும் திரை அம்மனையில் காக்கப்பட்டு வருகிறது. இவ்வகைத் திரைகள் செய்யப்பட்டது சீனத்தில். ஆயினும் ஐரோப்பியர் அவற்றிற்குச் சூட்டிய பெயர் 'கோரமண்டல்' திரை. சீனத்துச் சரக்கு நம் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியே மேற்கே சென்றமையால் வந்த பெயர் அது. சோழமண்டலம் என்னும் சொல் சிதைந்து, வேல்ஸ் நாட்டு வீட்டின் தட்டுமுட்டுப் பட்டியலில் குடியேறிய கதையைச் சொல்லாராய்ச்சியாளர் நினைவிற்கொள்ளலாம். பரிசு தந்த கைதான் பின்னர்க் கடனும் தந்தது. வட்டி ஏறியது, எடிஸ்பரியால் மீள இயலவில்லை. தாம் கட்டிய வீட்டை இழந்து நொடித்துப்போனார்.

கடன்பட்ட வீட்டை வாங்கியவர் ஜான் மெல்லர். இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் 'மாஸ்டர்' பதவி வகித்த செல்வர். 1716 அளவில் மனை இவர் கைக்கு வந்தது. வீட்டின் இருபுறமும் சிறகுகளை நீட்டினார். வெள்ளி மெருகிட்ட நாற்காலிகள், பேருருவ நிலைக்கண்ணாடிகள், சீனப் பட்டுப் பூவேலை செய்த அரசுக்கட்டில் என்று இலண்டனின் சிறந்த பொருள்களையெல்லாம் கொணர்ந்து நிரப்பினார். மணம் செய்துகொள்ளாத இவர் 1733இல் மறைந்தபோது மனை மருமகன் சைமன் யார்க்கைச் சேர்ந்தது.

அன்று தொடங்கி 240 ஆண்டுகள் யார்க் குடும்பமே எர்திக்கை ஆண்டது. உரிமையாளர் எழுவர். எழுவருக்கும் இரண்டே பெயர்கள்: ஒன்று சைமன், மற்றொன்று பிலிப். வரலாறு எழுதுவோர்க்கு இது பெருந்தொல்லை. எழுவருள் நம் கவனத்திற்கு உரியவர் முதலாம் பிலிப் யார்க் (1743-1804). வேல்ஸ் நாட்டு அரச குலங்களைப் பற்றி 1799இல் நூல் வெளியிட்டவர், பழமையில் தோய்ந்தவர், பொருளை வாங்குவதைவிட வைத்துக் காப்பதில் ஆர்வம் மிக்கவர். எதையும் எறியாமை என்னும் குடும்பப் பழக்கம் இவரிடம் வேரூன்றியது எனலாம்.

இவர் செய்த ஒரு செயல்தான் எர்திக்கைப் பிற மனைகளினின்றும் வேறுபடுத்தியது. 1791 முதல் சில ஆண்டுகளில், டென்பி நகரத்து ஓவியர் ஜான் வால்டர்ஸைக் கொண்டு, தம் பணியாளர்களை எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். வேட்டைக்காட்டுக் காவலர் ஜாக் ஹென்ஷா, தச்சர் எட்வர்ட் பிரின்ஸ், கொல்லர் வில்லியம் வில்லியம்ஸ், சமையலறை எடுபிடியாளர் ஜாக் நிக்கலஸ் ஆகியோர் தத்தம் தொழிற்கருவியோடும் தொழிலிடத்தோடும் நிற்கின்றனர். 1793இல் எண்பத்தேழு வயதை எட்டியிருந்த பணிப்பெண் ஜேன் எப்ரெல் ஒட்டடைத் துடைப்பத்தோடு அமர்ந்திருக்கிறார். ஒவ்வோர் ஓவியத்திலும் அவரவர் வாழ்க்கையைக் கூறும் பாட்டு ஒன்று எழுதப்பட்டது. பாடியவர் பிலிப் யார்க்கே. யாப்பு தட்டுகிறது, எதுகைக்காகச் சொற்கள் இழுபடுகின்றன, நகைச்சுவையும் ஓரளவு முதலாளியின் நகைச்சுவைதான். பாட்டென்ற அளவில் இவற்றைப் போற்ற இயலாது. ஆயினும் புரவலரைப் புலவர் பாடும் மரபில் ஊறிய நமக்கு, புரவலரே தம் வீட்டு ஒட்டடை அடித்த முதியவளைப் பாடியது வியப்பைத் தருகிறது. அவள் பெயர், வயது, தொழில் ஆகிய மூன்றும் இரண்டு நூற்றாண்டு கடந்து நம்மை வந்தடைந்தமைக்கு அந்தக் குறையுடைப் பாட்டே காரணம்.

இங்கு ஆய்வாளர் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. பணியாளர் பேசவில்லை, பேசப்பட்டனர். எவரை வரைவது, என்ன பாடுவது என்று முடிவு செய்தவர் முதலாளி. இவ்வேறுபாட்டை மறந்து எர்திக்கைச் சமத்துவத்தின் இல்லம் எனப் புகழ்வோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே வீட்டுச் சான்றுகளே அவ்வாறு புகழவிடாமல் தடுக்கின்றன.

முதற்சான்று எலிசபெத் ராட்கிளிஃப் என்னும் பெண். கடிகாரம் செய்வோர் ஒருவரின் மகளாகிய இவர் பிலிப் யார்க்கின் தாய் டாரதியிடம் தோழிப் பணிப்பெண்ணாக இருந்தார். விரல்களில் அரிய கலைத்திறன். சீனத்துப் பகோடா ஒன்றன் உருவையும், பாழடைந்த பால்மைரா நகரக் கோயிலின் உருவையும் முத்துச்சிப்பியும் அப்பிரகமும் கொண்டு சிறு வடிவில் ஆக்கினார். இரண்டும் இன்றும் அம்மனையில் உள்ளன. மகன் பிலிப் இத்தகைய வேலைகளை மேலும் மேலும் கேட்க, தாய் அவருக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. இனி ஓராண்டேனும் இவளுக்கு இவ்வாறான வேலை தராதே, இதில் மூழ்கினால் பிற வேலைகளெல்லாம் மறந்துபோகின்றன என்பது அதன் கருத்து. கலைஞரைப் பணிப்பெண் பின்னுக்கிழுத்த கதை ஒரு வரியில் அடங்கிவிட்டது. அக்கடிதத்தை எழுதிய டாரதி கொடியவர் அல்லர் என்பதும் நினைக்கத்தக்கது. அவருக்குத் துணிமணி மடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

இரண்டாவது சான்று ஓர் ஓவியம். வால்டர்ஸ் வரைந்தவற்றுக்கு முற்பட்டது. மெல்லர் காலத்ததாகச் சொல்லப்படுவது. கையில் ஊதுகொம்பு ஏந்திய கறுப்பினச் சிறுவன் ஒருவன் அதில் நிற்கிறான். வண்டியோடு செல்லும் ஏவலன். பிலிப் யார்க் இவனுக்கும் ஒரு பாட்டு எழுதினார். இவனைப் பற்றித் தெரிந்தது மிகச் சிறிது என்பதே அப்பாட்டு ஒப்புக்கொள்ளும் செய்தி. எங்கிருந்து, எந்தக் கப்பலில், யார் கையில் கைமாறி வந்தான் என்ற வினாக்களுக்கு அங்கு விடையில்லை. ஒட்டடை அடித்தவளின் வயது வரை குறித்துவைத்த வீட்டில் இச்சிறுவனுக்குப் பெயர் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் நீளும் கடல்வழிகளில் திரையும் பட்டும் எந்த வணிகத்தால் இவ்வீட்டை அடைந்தனவோ, மனிதரையும் சரக்காக ஏற்றியது அதே காலத்து வணிகம்தான். யேல் ஆளுநராக இருந்த நாளில் சென்னைத் துறையிலிருந்தும் அடிமைகள் ஏற்றுமதி செய்யப்பட்டனர்.

பணியாளரைப் பதிந்துவைக்கும் வழக்கம் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது. 1830இல் மேலும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. 1852இல், டாகெரோடைப் என்னும் தொடக்ககால ஒளிப்பட முறையில் பணியாளர் கூட்டமாகப் படம் எடுக்கப்பட்டனர். அதிலும் கையில் தொழிற்கருவி உண்டு. இரண்டாம் பிலிப் யார்க் (1849-1922) கொள்ளுத்தாத்தாவைப் போலவே படங்களுக்குப் பாட்டு எழுதினார். சமையலாட்டியர், செவிலியர், தோட்டக்காரர் எனப் பலரும் பாட்டுடைத்தலைவராயினர்.

ஆனால் அவர் காலத்து எலன் பென்கெத் கதை வேறு. 1902இல் சமையலும் வீட்டு மேலாண்மையும் சேர்ந்த பொறுப்பில் அமர்ந்தவர். கடைக்காரர்க்குச் செலுத்த வேண்டிய பணம் இவர் கைவழியே சென்றது. விருந்துகள் மிகுந்த வீட்டில் கணக்கு இடித்தது. 1907இல், 500 பவுன் அளவில் கையாடினார் என்று குற்றம் சாட்டி, வீட்டுத் தலைவர் காவலரிடம் ஒப்படைத்தார். ரூதின் நகரில் வழக்கு நடந்தது. நடுவர் குழு இவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நீதிமன்றம் விடுவித்தாலும் வீட்டுத் தலைவி லூயிசாவின் நாட்குறிப்பில் இவர் திருடியாகவே நின்றார். சுவரில் இவருக்கு இடமில்லை. 2014இல் டெஸ்ஸா போஸ் என்பார் எழுதிய நூல் வந்த பின்னரே எலன் தரப்பு நியாயம் பரவலாக அறியப்பட்டது. பணியாளர்பால் அன்பு பூண்ட குடும்பம் என்னும் புகழ்மொழியையும் இவ்வழக்கையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டிற்கு இடர் வந்த திசை எவரும் எதிர்பாராதது, கீழிருந்து வந்தது. ரெக்சம் வட்டாரம் நிலக்கரி மண். 1947இல் சுரங்கங்கள் அரசுடைமையானபின் பெர்ஷம் சுரங்கத்தின் குடைவுகள் மனையின் அடியிலேயே சென்றன. நிலம் தாழ்ந்தது. மனையின் ஒரு பக்கம் ஐந்தடி வரை அமிழ்ந்தது. சுவர்கள் பிளந்தன, கூரை ஒழுகியது, மெல்லரின் அரசுக்கட்டில்மேல் மழைநீர் சொட்டியது. அப்போதைய உரிமையாளர் நான்காம் சைமன் யார்க் பழுதுபார்க்கவும் இல்லை, விற்கவும் இல்லை. மின்விளக்கு இல்லாத வீட்டில் ஏறத்தாழத் தனியே வாழ்ந்து 1966இல் மறைந்தார்.

அவருக்குப்பின் வந்த தம்பி மூன்றாம் பிலிப் யார்க் குடும்பத்தின் கடைசி மனிதர். நாடக நடிகராகவும், பள்ளி ஆசிரியராகவும், சுற்றுலா நடத்துநராகவும் இருந்து பார்த்தவர். ஒழுகும் இடங்களில் வாளிகளையும் சட்டிகளையும் வைத்துக்கொண்டு, புல் மேய ஆடுகளை விட்டுக்கொண்டு, வீட்டைக் கட்டிக் காத்தார். எளிதாக வாழ வழி இருந்தது. பொருள்களை ஏலத்தில் விட்டிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவர் செய்யவில்லை. பொருள்கள் ஒன்றும் பிரியாமல் வீடும் தோட்டமும் ஒருசேரக் காக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாக நின்று, 1973இல் அனைத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் காப்பு நிறுவனத்திற்கு வழங்கினார். நிலக்கரி வாரியம் தந்த இழப்பீடு 120,000 பவுன். அது போதாமையால் தோட்டத்திற்கு அப்பாலிருந்த நிலத்தில் ஒரு பகுதியை வீட்டுமனைக்கு விற்றுச் செலவை ஈடுகட்டினர். நான்காண்டுப் பணிக்குப்பின் 1977இல் இளவரசர் சார்லஸ் மனையைத் திறந்துவைத்தார். பெர்ஷம் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது.

உள்ளே காக்கப்படும் பொருள்கள் ஏறத்தாழ 30,000. வெள்ளி நாற்காலியோடு சலவைக்கூடத்துத் தொட்டியும், உலைக்களத்துத் துருத்தியும், ரொட்டி அடுப்பும் அவற்றுள் அடங்கும். பழுதுபார்த்தோர் எடுத்த முடிவு ஒன்று குறிப்பிடத்தக்கது. பெருமனைகளில் காண வருவோர் முன்வாயில் வழியே நுழைந்து கூடத்தை முதலில் காண்பர். எர்திக்கில் அவர்களைத் தச்சுக்கூடம், குதிரைலாயம், சலவைக்கூடம், சமையலறை வழியே உள்ளே அழைத்துச் செல்லும்படி ஏற்பாடு செய்தனர்.

மூன்றாம் பிலிப் யார்க், மணமாகாதவராகவே, 1978இல் ஒரு தேவாலயத்தில் வழிபாட்டிற்குச் சென்றிருந்தபோது உயிர்நீத்தார். சைமன், பிலிப் என மாறி மாறி வந்த பெயர்வரிசை அத்துடன் நின்றது. பணியாளர் உணவுண்ட கூடத்தில் ஜேன் எப்ரெல் ஒட்டடைத் துடைப்பத்தோடு இருக்கிறார். அதே கூடத்தின் ஓவிய வரிசையில் கொம்பேந்திய சிறுவனும் இருக்கிறான்.